கடல் காணா நாடு: மலையகம் புகுவோர்க்கு ஓர் அறிமுகம்

ஒரு நாட்டைப் புதிதாகக் காண வருவோர்க்கு அதனை அறிமுகஞ் செய்யும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுவனவாக உள்ளன. அமைவிடம், பரப்பளவு, தட்பவெப்பம், விளைபொருள், மக்களின் உணவு, உடை, திருவிழா, காணத்தக்க இடங்கள் என நிரல்படக் கூறி அவை அமைகின்றன. கடற்கரையுடைய நாடுகளுக்கு இம்முறை ஓரளவு போதுமானதாகலாம். கடற்கரை இல்லாத நாடுகளைப் பொறுத்தவரை இவை அனைத்துக்கும் முன்னதாக ஒரு வினா எழுகின்றது. அந்நாட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் வழி எது? அவ்வழி காலந்தோறும் எவர் கையில் இருந்து வந்துள்ளது? இவ்வினாவுக்கு விடை காணாது அத்தகைய நாட்டின் சந்தையையோ சாலையையோ மக்களின் முகத்தையோ விளங்கிக்கொள்ளுதல் அரிது.

நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட நாடுகள் என்றவுடன் மேற்கு ஆபிரிக்காவின் மாலி, நைஜர், புர்க்கினா பாசோ ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இலங்கையோ ஒரு தீவு. தீவொன்றினுள் கடல் காணா நாடு இருத்தல் கூடுமோ என ஐயுறுவோர் உளர். ஆயின் இலங்கையின் மத்திய மலைநாடு ஒரு காலத்தில் கடற்கரையை முற்றாக இழந்த தனியரசாக விளங்கியது. பின்னர் உலகின் பெரிய தோட்டப் பொருளாதாரங்களுள் ஒன்றின் களமாயிற்று. இன்று அது மலையகத் தமிழ் மக்களின் வாழிடமாகவும் கண்டிச் சிங்கள மக்களின் பாரம்பரிய நிலமாகவும் திகழ்கின்றது. இந்நாட்டினுள் புகுவோர்க்கு உதவும் வகையில், வட்டவளை என்னும் சிற்றூரை நோக்குநிலையாகக் கொண்டு அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்ததும் தன் நடையை மாற்றிக்கொள்கின்றது. 44 அடி தூரத்துக்கு ஓரடி உயரம் என்னும் ஏற்றத்தில் அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. இங்குருஓயா, கலபொட ஆகிய நிலையங்களுக்கு அப்பால் வட்டவளை நிலையம் வருகின்றது. அதன்பின் றொசல்லை, அதற்கப்பால் அட்டன். நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அம்பகமுவப் பிரதேசத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வட்டவளை அமைந்துள்ளது.

இவ்வூரைப் பற்றி முதலில் அறியத்தக்கது மழை. தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து கொணரும் மேகங்களை மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவு எதிர்கொண்டு தடுக்கின்றது. அதனால் வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு பெறும் மழையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இது. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாக வட்டவளை எண்ணப்படுவதன் காரணம் இதுவேயாம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இங்கு வருவோர் கதிரவனைக் காண்பது அருமை. தலையிற் போர்த்த கம்பளியும் இடையிற் கட்டிய படங்கும் மழைக்கால வேலையின் உடைகளாயின. இம்மழையே தேயிலைக்கு உயிர். மண்ணுக்கு ஆபத்தும் இதுவே. 1990களின் முற்பகுதியில் வட்டவளையிற் புகையிரதப் பாதை அமைந்திருந்த சரிவு பெயர்ந்து நகர்ந்து, போக்குவரத்தைக் குலைத்தது. மலையின் உள்ளே தேங்கிய நீரைத் துளைகள் வழியே வடித்துப் பொறியியலாளர் அச்சரிவை நிலைப்படுத்தினர்.

வட்டவளையின் சரிவுகளிலிருந்து இறங்கும் நீர் மகாவலி கங்கையிற் சேர்கின்றது. அந்நதி நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டியை வளைத்துக் கிழக்கே திரும்பி, 335 கிலோமீற்றர் நீளமுடைய தன் பயணத்தின் முடிவில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அட்டன் மேட்டுக்கு அப்பாற் பெய்யும் மழையோ கெகல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகியவற்றின் வழியே களனி கங்கையாகிக் கொழும்பின் அருகே மேற்குக் கடலை அடைகின்றது. மலையகம் கடலைக் காணாதாயினும் அதன் நீர் இரு திசைகளிலும் கடலைத் தேடிச் செல்கின்றது. மலையகத்தின் மனிதரும் விளைபொருளும் இவ்வாறு தடையின்றிக் கடலை அடைய முடிந்ததா என்பதே வரலாற்றின் வினா.

கடற்கரையை இழந்த அரசு

பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இலங்கையின் கரையோரங்களிற் காலூன்றிய பின்னர், மலைநாட்டிற் கண்டியைத் தலைநகராகக் கொண்ட அரசு தன் சுதந்திரத்தைக் காத்து நின்றது. போர்த்துக்கேயரை வெளியேற்றுதற்கு இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1658இற் போர்த்துக்கேயர் முற்றாக அகற்றப்பட்டனர். ஆயின் அவர் விட்டுச் சென்ற துறைமுகங்களிற் பலவற்றை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போலாயிற்று எனச் சிங்கள மக்கள் கூறும் பழமொழி இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுவதுண்டு.

இவ்வரசின் அகவாழ்வை மேலைநாட்டார்க்கு விரிவாக அறிமுகஞ் செய்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். மகாவலி கடலோடு கலக்கும் அதே கொட்டியாரக் குடாவிற்றான் 1660இல் அவர் தந்தையாருடனும் கப்பலைச் சேர்ந்த பிறருடனும் சிறைப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைக் கிராமங்களிலே காவலில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். ஊர் ஊராகச் சென்று வாணிகம் செய்ததன் வாயிலாக வடக்கே செல்லும் வழிகளை மெல்ல அறிந்துகொண்டு, 1679இல் மன்னாரையடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல், இந்நாட்டின் வேளாண்மை, உணவு, சட்டம், சமயம் ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. ஒடுங்கிய மலைப்பாதைகளையும், அவற்றின் வாயில்களிலே நிறுத்தப்பட்ட முட்கதவுகளையும், அவற்றைக் காத்து நின்ற காவலரையும் பற்றி அவர் எழுதியுள்ளவை ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. பாதைகளை ஒடுக்கமாகவே வைத்திருத்தல் கண்டி மன்னர்களின் பாதுகாப்பு முறையாக இருந்தது. நாட்டை விட்டு வெளியேற முடியாத ஒருவரே அந்நாட்டை வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலை காவலாயிற்று, கடலோ கைநழுவிற்று. 1739இற் கண்டி அரியணை, மதுரையிலிருந்து வந்த நாயக்க குலத்தினரைச் சார்ந்தது. மணவுறவும் வாணிகமும் கடல் கடந்தனவாக இருந்த அவ்வரசுக்குத் துறைமுகம் இன்றியமையாததாயிற்று. ஆயினும் பௌத்த உபசம்பதையை மீட்டெடுக்கச் சீயத்திலிருந்து துறவியரை வரவழைத்த போது, அவர்கள் 1753இல் ஒல்லாந்தர் கப்பலிலேயே வந்திறங்க வேண்டியிருந்தது. 1760களில் மூண்ட போரின் முடிவில், 1766 பெப்ரவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையால் தீவின் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர்க்கு உரியதாயிற்று. தன் மக்களுக்கு வேண்டிய உப்பைச் சிலாபம், புத்தளம் முதலிய கரையோரங்களிலே எடுத்துச் செல்லும் அனுமதியையும் கண்டி அரசு அவ்வுடன்படிக்கை வாயிலாகவே பெற நேர்ந்தது. உப்புக்கும் பிறர் தயவை நாடவேண்டிய நிலையிற் கண்டி, சொல்லின் முழுப் பொருளிலும், கடலற்ற நாடாயிற்று. ஒல்லாந்தர்க்குப் பின் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கையாற் மலைநாட்டையும் தமதாக்கிக்கொண்டனர். இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கு மறைந்தான்.

பாதை திறந்த போது

கண்டி மன்னர் ஒடுக்கி வைத்த பாதைகளைப் பிரித்தானியர் அகலமாக்கினர். தேசாதிபதி எட்வேட் பாண்சின் காலத்தில், 1820களிற் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. இராணுவத் தேவைக்காக எழுந்த அவ்வீதி விரைவிலே கோப்பியின் வீதியாயிற்று. கம்பளையை அடுத்த பகுதியில் 1820களிலேயே கோப்பிச் செய்கை முயலப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்பெறாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாகக் கொண்டு தோட்டக்காரர்க்கு விற்க வழிவகுத்தது. சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் அந்நிலங்களைத் தலைமுறைகளாகப் பயன்படுத்திய கண்டிக் கிராம மக்கள் அவற்றை இழந்தனர். 1848இல் மாத்தளையிற் புரன் அப்பு முதலியோர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியின் பின்னணியில் வரிச்சுமையோடு இக்குறையும் இருந்தது. மலையகத்தின் கதை தோட்டத் தொழிலாளரின் கதை மட்டுமே எனக் கருதுவோர் இப்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

நிலம் கிடைத்தது, உழைப்போர் தேவைப்பட்டனர். தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளில் வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் தாக்கிய குடும்பங்களிலிருந்து மக்கள் திரட்டப்பட்டனர். அவர்கள் வழக்கிற் மலைநாட்டுக்குக் கண்டிச்சீமை என்பதே பெயர். அழிந்த அரசின் பெயர், அதனைக் கண்டிராத உழவர் நாவிலே வாழ்ந்தது. இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள், மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காடுகளினூடே நடந்தனர். வாந்திபேதியும் மலைக் காய்ச்சலும் அம்மையும் அவர்களை வழியெங்கும் தொடர்ந்தன. மாண்டவர்கள் வழியிலேயே புதைக்கப்பட்டனர். கடலற்ற நாட்டினுள் கடல் வழியே வந்த அம்மக்களுக்கு, திரும்பிச் செல்லும் வழியைக் கங்காணியிடம் பட்ட கடன் அடைத்துக்கொண்டது. பழைய அரசின் முட்கதவுகளுக்குப் பதிலாகத் துண்டு என்னும் கடன் சீட்டு காவல் நின்றது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்வதாயினும் அத்துண்டிற் குறிக்கப்பட்ட கடனைப் புதிய தோட்டம் ஏற்கவேண்டியிருந்தது. இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலேயாம்.

கோச்சியும் கொழுந்தும்

கோப்பியை மாட்டு வண்டிகளிற் கொழும்புத் துறைக்கு அனுப்புதல் காலத்தையும் பணத்தையும் விழுங்கியது. எனவே தோட்டக்காரர் புகையிரதம் வேண்டினர். 1867இற் கண்டி வரையும், 1874இல் நாவலப்பிட்டி வரையும் பாதை அமைந்தது. ஆனால் 1869இல் மலைநாட்டிலே தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையைச் சில ஆண்டுகளிற் சிதைத்தது. மேலும் உயரத்துக்குப் பாதை செல்லவேண்டிய காலத்திற் கோப்பி மடிந்துகொண்டிருந்தது. அதன் இடத்தை நிரப்பியது தேயிலை. யேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்து பரவியிருந்தது. புகையிரதப் பாதை 1884இல் வட்டவளையைத் தாண்டி அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பதுளை வரையிலான பாதை முற்றுப்பெற்றது 1924இலாகும். 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள பட்டிப்பொலையை எட்டும் இப்பாதையின் அழகை வருவோர் அனைவரும் வியந்து பேசுவர். தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்துக்கு இறங்கவும், அரிசியும் ஆட்களும் தோட்டத்துக்கு ஏறவுமே அது அமைக்கப்பட்டது என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. தோட்ட மக்கள் அதனைக் கோச்சி என வழங்குவர்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியமை பயிர் மாற்றம் மட்டுமாக நின்றுவிடவில்லை. கோப்பிப் பழம் பருவத்திற்குரியது; பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. சில நாட்களுக்கொரு முறை அதே செடியிற் கொய்யப்பட வேண்டுவது. கொய்த அன்றே ஆலைக்குச் சென்று வாட்டப்பட வேண்டுவது. ஆகவே ஆலையும் மலையும் மனிதரும் ஒரே இடத்தில் நிலையாக இருத்தல் இன்றியமையாததாயிற்று. பெண்களின் விரல்கள் இத்தொழிலின் அச்சாணியாயின. பருவத்துக்கு வந்து சென்ற கூலிகள் குடும்பத்தோடு நிலைத்த குடிகளாயினர். மலையகத் தமிழர் என்னும் மக்கட் சமூகம் உருவாகியமைக்குத் தேயிலைச் செடியின் இயல்பே பொருளாதார அடிப்படையாக அமைந்தது எனலாம். அவ்வாறாயின், நிலைத்த உழைப்பைக் கேட்ட தொழில் நிலைத்த உரிமையை ஏன் வழங்கவில்லை என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

தோட்டத்தினுள் நுழைவோர் சில சொற்களை அறிந்திருத்தல் வேண்டும். நீண்ட ஒரே கூரையின் கீழ்ப் பல அறைகளாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்பு லயம் எனப்படும். அதன் ஓர் அறை காம்பரா. பழைய லயங்களிற் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. அதிகாலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். மலை என்னும் சொல் இங்குக் குன்றை மட்டும் குறிப்பதன்று. எண்ணிடப்பட்ட தேயிலைப் பிரிவு ஒவ்வொன்றும் ஒரு மலையே. செடியை வெட்டிக் கட்டுப்படுத்துவது கவ்வாத்து. ஒரு நாட் கூலி பேர் எனப்படும். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர். தோட்டங்களுக்கு ஸ்கொத்லாந்து, இங்கிலாந்து ஊர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அப்பெயர்களுக்கு அடியிலே மாரியம்மன் கோயிலும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், தப்பின் ஒலியும் தமிழகத்துச் சிற்றூர்களை மீண்டும் படைத்தன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட தலைமுறைகள் தம் வரலாற்றை வாய்மொழிப் பாடல்களிலும் கூத்துகளிலும் காத்து வைத்தன.

ஒரு மேற்கு ஆபிரிக்க ஒப்புமை

மலையகத்தின் நிலையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, இன்று புர்க்கினா பாசோ என வழங்கும் நாட்டை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1984 வரை அதன் பெயர் மேல் வோல்ட்டா. வோல்ட்டா நதியின் மேற்பகுதியில் அமைந்தமையால் அப்பெயர் எழுந்தது. மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ற் ஆகிய ஆறு நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. மழைமிக்க வட்டவளைக்கு நேர்மாறாக அதன் வடபகுதி சகாராவின் ஓரத்திலுள்ள வறண்ட நிலமாகும். வாகடூகுவைத் தலைநகராகக் கொண்ட மொசி மக்களின் அரசு ஐரோப்பியர் வருகைக்கு முன்பே நிலைபெற்றிருந்தது.

பிரெஞ்சுக்காரர் 1919இல் மேல் வோல்ட்டாவைத் தனிக் குடியேற்ற நாடாக்கினர். 1932இல் அதனைக் கலைத்து அயல் நாடுகளோடு பிரித்து இணைத்தனர். மொசி மக்கள் செறிந்த பெரும்பகுதி ஐவரி கோஸ்ற்றுடன் சேர்க்கப்பட்டது. அங்குக் கரையோரக் கோப்பி, கொக்கோத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். அபிஜான் துறைமுகத்திலிருந்து கட்டாய உழைப்பினால் அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1934இற் போபோ டியுலாசோவையும் 1954இல் வாகடூகுவையும் அடைந்தது. 1947இல் மேல் வோல்ட்டா மீண்டும் தனிநாடாகி 1960 ஓகத்து 5இற் சுதந்திரம் பெற்றது. ஆயினும் அதன் மக்கள் இலட்சக்கணக்கில் கரையோரத் தோட்டங்களுக்குச் செல்வது நிற்கவில்லை.

இரு நாடுகளின் கதையிலும் ஒரே கருவிகள் காணப்படுகின்றன: தோட்டம், புகையிரதம், துறைமுகம், குறைந்த கூலி. வேறுபாடும் உண்டு. மேல் வோல்ட்டாவின் மக்கள் கடலற்ற நாட்டிலிருந்து கரையோரத்துக்குச் சென்று உழைத்தனர். தமிழகத்து மக்கள் கடலைக் கடந்து கடலற்ற நாட்டினுட் புகுந்து உழைத்தனர். முடிவிலோ இருவரும் ஒரே வினாவை எதிர்கொண்டனர். ஐவரி கோஸ்ற்றில் 1990களிற் பூர்வீகர் யார், வந்தேறியர் யார் என்னும் வாதம் அரசியலாயிற்று. 1998இன் சட்டமொன்று கிராம நிலவுடைமையை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியதாக்கியது. 2002இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தலைமுறைகளாகக் கொக்கோ வளர்த்தவர்கள் அயலார் எனப்பட்டனர். இலங்கை மலையகம் அவ்வினாவை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது.

உரிமை இழந்தோர்

மலையகத்திற் தொழிலாளர் விழிப்புணர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் கோ. நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் முதன்மையானவர்கள். பத்திரிகை, துண்டுப்பிரசுரம், பாடல் ஆகியவற்றின் வாயிலாக அவர்கள் தோட்டங்களினுள் புகுந்தனர். 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 யனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின் போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். சர்வசன வாக்குரிமையின் பயனாக 1947 பொதுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து தொழிலாளரின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர்.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டிற் காட்சி மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்தமையைச் சான்றுகளால் நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களிற் பெரும்பாலோர்க்கு அது இயலாததாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வருமானமும் தொடர்ச்சியான வதிவும் பற்றிய கடுமையான நிபந்தனைகளை விதித்தது. அதே ஆண்டு தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகள் அல்லாதாரின் வாக்குரிமையை நீக்கியது. 1952இற் தொழிலாளர் சத்தியாக்கிரகம் செய்தும் நிலை மாறவில்லை. நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கை ஈட்டித் தந்தோர் நாடற்றோர் ஆயினர். கடலற்ற நாட்டில் வாழ்ந்தவர்கள் இப்போது நாடே அற்றவர்கள்.

1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதங்கள் கழியுமுன், 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் இரு நாட்டுப் புகையிரதங்களையும் இணைத்துவந்த கப்பற் சேவையின் இந்தியத் துறை அதுவாகும். பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் திரும்பிச் சென்றன. அட்டன், வட்டவளை முதலிய நிலையங்களிற் பெட்டியும் பாயும் சுமந்து நின்றோர்க்கு, பாட்டன் நடந்து வந்த வழி இப்போது கோச்சியேறிப் போகும் வழியாயிற்று. அண்ணன் ஓர் நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியராகிய குடும்பங்கள் பல. சென்றவருட் சிலர் நீலகிரியில், 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்தே பறித்தனர். 1953இல் இலங்கை மக்கட்டொகையில் ஏறத்தாழ 12 வீதமாயிருந்த இந்தியத் தமிழர் 1981இல் 5.5 வீதமாயினர்.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உழைத்தோர்க்குக் காணி கிடைக்கவில்லை. எழுபதுகளின் உணவுத் தட்டுப்பாடும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் பல குடும்பங்களை வவுனியா முதலிய வடபகுதிகளுக்குத் துரத்தின. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. அவற்றுளொன்று வட்டவளையின் பெயரையே தாங்கியது. எண்பதுகளின் சட்டங்கள் சிலருக்கு உரிமை வழங்கின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்ரோபர் முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமையை உறுதியாக்கியது. சட்டம் பறித்த உரிமையைச் சட்டம் மீளக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணிசெய்யத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 2018இலேதான் திருத்தப்பட்டது.

முடிவுரை

2023இல், இம்மக்கள் மலைநாட்டுக்கு வரத்தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் கடன் சுமந்து நடந்த வழியிலே அவர்தம் வழித்தோன்றல்கள் உரிமைக் கோரிக்கைகளைச் சுமந்து நடந்தனர். காணி, தனி வீடு, நியாயமான கூலி, கல்வி என்பனவே அக்கோரிக்கைகளின் சாரம். லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியிற் தனி வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கப்பட்டதாயினும், லயங்களிற் வாழ்வோர் இன்னும் பலராவர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு நாட்டைச் சிறைப்படுத்துவது கடலின்மை மட்டுமன்று என்பது புலனாகும். கண்டி அரசுக்கு உப்பெடுக்கும் உரிமையும், தொழிலாளர்க்குத் துண்டில்லாமற் தோட்டம் மாறும் உரிமையும், அவர்தம் மக்களுக்கு வாக்களிக்கும் உரிமையும் பிறர் கையிற் சென்றடைந்த போதெல்லாம் மலைநாடு மேலும் மேலும் அடைபட்டது. அவ்வுரிமைகள் மீண்ட அளவுக்கே அது திறந்தது. வீதியும் புகையிரதமும் அமைந்தமையால் மட்டும் அது திறந்துவிடவில்லை.

ஆகவே மலையகம் காண வருவோர் புகையிரதத்தின் வாயிலில் நின்று நீர்வீழ்ச்சியையும் பசுமையையும் கண்டு மகிழலாம், அது தவறன்று. நாவலப்பிட்டியைக் கடந்து வண்டி ஏறத்தொடங்கும் போது, அப்பாதையை வெட்டியோரையும் அதன்வழி வந்தோரையும் சென்றோரையும் அவர்கள் நினைந்து பார்த்தல் வேண்டும். வட்டவளையில் இறங்குவோர் மழைக்கு ஒதுங்க லயத்து வாசலை நாடினால், உள்ளே அழைத்து அமரவைத்துத் தேநீர் தருவார்கள். அத்தேநீரின் இலை பெரும்பாலும் ஏற்றுமதிக்கு உதவாத தூளாகவே இருக்கும். நல்ல தேயிலை முன்னரே கடலுக்குப் புறப்பட்டுச் சென்றிருக்கும்.